எரிந்த மோட்டாரையே திரும்பத் திரும்பக் காயில் கட்டுகிறோம்: எந்தக் கொள்கை இதை மாற்றும்?

பிறை சார்ஜ்மேன் | செவ்வாய், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மலேசியா, பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரத்தைக் கவனிக்கிற வேலை. இரவு ஷிப்ட், மணி இரண்டரை இருக்கும், கூலிங் டவர் பம்ப் நின்றுவிட்டது. ஓடிப் போனால் டெர்மினல் பாக்ஸைத் திறக்கும் முன்பே வார்னிஷ் கருகிய வாசம். காப்பு போய்விட்டதா என்று காட்டும் மெகர் வைத்தேன், முள் எழவே இல்லை. தண்ணீர் ஓடாவிட்டால் மோல்டிங் மெஷின் ஓடாது. வரிசையாக எல்லாம் நின்றுவிட்டன. சூப்பர்வைசருக்குப் போன், அவர் தௌக்கேக்கு (முதலாளிக்கு) போன். காலை ஏழு மணிக்கெல்லாம் மோட்டார் லாரியில் ஏறி வைண்டிங் கடைக்கு, அதாவது எரிந்த செம்புக் கம்பிச் சுற்றை (காயிலை) எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் கடைக்குப் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் வந்து மாட்டினோம், ஓடுகிறது. எல்லாருக்கும் நிம்மதி.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. அந்த மோட்டாருக்கு இது மூன்றாவது காயில். நேம்பிளேட்டைத் துணி போட்டுத் துடைத்துப் படித்தேன். 15 கிலோவாட், 4 போல் (நாலு காந்த முனை). மோட்டாரின் திறனைத் தரம் பிரிக்கும் ஐஇ வகுப்பு (எண் கூடினால் திறன் கூடும்) எதுவும் அதில் இல்லை, அந்த முறை வருவதற்கு முன்னால் செய்தது. நல்ல மனதோடு ஐஇ1 என்றே வைத்துக்கொள்வோம். 15 கிலோவாட் 4 போலுக்கு ஐஇ1 என்றால் திறன் 88.7 விழுக்காடு, ஐஇ3 என்றால் 92.1.

மூன்றரை விழுக்காடுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுச் சுமையில் பழையது இழுப்பது 16.9 கிலோவாட், புதியது 16.3. எங்கள் பம்ப் ஆண்டுக்கு 7,200 மணி நேரம் ஓடுகிறது. ஒரு யூனிட் (கிலோவாட் மணி) 45 சென் என்று வைத்தால், பழைய மோட்டார் ஓராண்டில் சாப்பிடுவது ஏறக்குறைய 54,800 வெள்ளி (ரிங்கிட்) மின்சாரம். வித்தியாசம் மட்டுமே 2,000 வெள்ளிக்கு மேல். அதுவும் மூன்று முறை கட்டிய பிறகும் அது 88.7இலேயே நிற்கிறது என்று நம்பினால்.

இப்போது கேள்வி. எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், அதாவது 861ஆம் சட்டம், 2025 ஜனவரி 1இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு 21,600 ஜிகாஜூல், அதற்கு மேல் பயன்படுத்துகிறவர்களுக்கு. மின்சாரம் மட்டும் என்றால் 60 லட்சம் யூனிட். எங்கள் கம்பெனி அந்த அளவின் கிட்டேகூடப் போகாது. மாக் மண்டின், சிம்பாங் அம்பாட், புக்கிட் மின்யாக் பக்கம் இருக்கும் சின்னச் சின்ன ஆலைகள் பெரும்பாலும் எங்களைப் போலத்தான். அங்கேயும் இப்படி மோட்டார்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

நான் நினைப்பது இதுதான். மோட்டாரை மாற்றுவதா கட்டுவதா என்று யாரும் கருத்தரங்கில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. அது எரிந்த அந்த இரவில், இரண்டு போன் பேசி முடிவாகிறது. கொள்கை அந்த இரவுக்குள் வந்து நிற்க வேண்டும். எப்படி என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

காயில்கடை மகன் | செவ்வாய், இரவு 11.30

சார்ஜ்மேன் அண்ணே, உங்கள் மோட்டார் எங்கள் கடைக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தாலும் நான் சொல்லப் போவது இதுதான்.

புக்கிட் மெர்த்தாஜாமில் அப்பா ஆரம்பித்த கடை. நான் பதினான்கு வயதிலிருந்து காயில் கட்டுகிறேன். கட்டினாலே திறன் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள், அது முழு உண்மை இல்லை. மோட்டார் பழுது பார்ப்பவர்களின் சங்கங்களான அமெரிக்காவின் ஈஸாவும் பிரிட்டனின் ஏஇஎம்டியும் சேர்ந்து மோட்டார்களைக் கட்டி, முன்னும் பின்னும் அளந்து, 2003இல் முடிவை வெளியிட்டன. முறைப்படி கட்டினால் திறன் குறைவதில்லை என்பதுதான் அதில் தெரிந்தது.

முறைப்படி என்றால் என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எரிந்த ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுற்றாத பாகத்தில், பழைய செம்பை எடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக் காயில் தலையை உளி வைத்து வெட்டுவோம். மிச்சம் ஸ்லாட் பள்ளத்துக்குள் வார்னிஷோடு கல் மாதிரி இறுகிக் கிடக்கும். சூடு காட்டினால்தான் இளகும். அதற்கு வெப்பம் கட்டுப்படுத்தும் அடுப்பு வேண்டும், 370 டிகிரி பக்கத்தில் நிறுத்த வேண்டும். அடுப்பு இல்லாத கடையில் கேஸ் டார்ச்சைப் பிடித்து நேராக அடிப்பார்கள். பத்தே நிமிடத்தில் செம்பு கையோடு வந்துவிடும். ஆனால் ஸ்டேட்டரின் இரும்புக் கோரின் பல் நுனிகள் நீலம் பூத்திருக்கும். அந்த நீலத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். கோர் என்பது மெல்லிய தகடுகளை அடுக்கியது. தகட்டுக்குத் தகடு நடுவில் இருக்கும் பூச்சு வெந்துவிட்டால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கோருக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடும். மோட்டார் ஓடும், சத்தமும் வராது. சும்மா சூடாகிக்கொண்டே இருக்கும், பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று கம்பி. பழைய கம்பியின் தடிப்பை மைக்ரோமீட்டரில் அளந்து, சுற்று எண்ணி, மாஸ்கிங் டேப்பில் எழுதி ஸ்டேட்டர் மேலேயே ஒட்டிவைப்போம். அதே கம்பி கையில் இல்லையென்றால் இரண்டு மெல்லிய கம்பியைச் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து பழைய செம்பின் குறுக்களவு வராவிட்டால் அங்கேயும் இழப்பு. இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய நேரம் வேண்டும். கஸ்டமரோ ஒரு மணிக்கு ஒரு தடவை போன் அடித்து "முடிஞ்சிருச்சா" என்பார். அந்த அவசரத்தில்தான் டார்ச் கைக்கு வருகிறது.

அதனால் என் கோரிக்கை: காயில் கட்டுவதைத் தடை செய்யாதீர்கள், தரம் வையுங்கள். அடுப்புக்கு வெப்பப் பதிவு இருக்கிறதா, கட்டுவதற்கு முன்னும் பின்னும் கோர் இழப்பைச் சோதித்த தாள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் பில் போடக் கூடாது என்று விதி வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான். ஒழுங்காக வேலை செய்கிற கடை இப்போது விலையில் தோற்கிறது.

பட்டர்வொர்த் கணக்கர் | புதன், காலை 8.15

நான் மோட்டார் தெரிந்தவள் இல்லை. மாதக் கணக்கை முடிக்கிறவள். ஆனால் அந்த இரவு ஏன் அப்படி முடிகிறது என்று என் மேசையிலிருந்து நன்றாகத் தெரிகிறது.

காயில் கட்டின பில் வந்தால் அது பராமரிப்புச் செலவு. மெயின்டெனன்ஸ் மேலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். புது மோட்டார் வாங்கினால் அது சொத்து. மூன்று கொட்டேஷன், டைரக்டர் கையெழுத்து, சொத்துப் பதிவேட்டில் எண். டைரக்டர் வெளியூரில் இருந்தால் ஒரு வாரம் போய்விடும். இரவு இரண்டரைக்கு எரிந்த மோட்டாருக்கு இந்த வழி எப்படி ஒத்துவரும்?

மின்சாரப் பில் இன்னொரு தலைப்பில் வருகிறது. அதைப் பார்க்கிறவர் வேறு. மோட்டாரால் மாதம் எவ்வளவு வீணாகிறது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, எந்த மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று பிரித்துக் காட்ட மீட்டரும் இல்லை.

வரிச் சலுகை பற்றியும் சொல்கிறேன். பசுமை முதலீட்டுச் சலுகை என்று இருக்கிறது, மைஹிஜாவ் என்ற பசுமைப் பொருள் பட்டியலில் உள்ள கருவியாக இருக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் வரிச் சலுகை லாபம் காட்டி வரி கட்டுகிறவருக்குத்தான் பலன் தரும். ஒரே ஒரு மோட்டாருக்காக அந்த விண்ணப்பத்தை நிரப்ப எங்களைப் போன்ற கம்பெனியில் ஆள் இல்லை. மாதாமாதம் மின்சாரக் கம்பெனி டிஎன்பியின் பில்லிலேயே மோட்டார் தவணையைச் சேர்த்துக் கட்டும்படி ஒரு திட்டம் வந்தால், அது செலவாகவே எழுதப்படும், டைரக்டரும் கையெழுத்துப் போடுவார். எனக்குத் தெரிந்த நடைமுறை அதுதான்.

நிபோங் திபால் விசிறி | புதன், மதியம் 1.05

கணக்கர் அக்கா சொன்னது சரி. நான் வேறு ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாமல் மோட்டார் மாற்றுங்கள் என்று சொன்னால் பலர் ஏமாந்து போவார்கள்.

எங்கள் மர ஆலையில் தூசி இழுக்கும் விசிறி ஒன்று, 11 கிலோவாட். நான்தான் முதலாளியிடம் பேசிப் பேசி ஐஇ3 வாங்க வைத்தேன். மாட்டி ஓட்டினோம். ஒரு மாதம் கழித்து மீட்டரைப் பார்த்தால் குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருந்தது. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய மோட்டாரைச் சுற்று எண்ணும் டாக்கோமீட்டரில் பார்த்தபோது நிமிடத்துக்கு 1,448 சுற்று. புதியது 1,474. திறன் கூடின மோட்டாரில் ரோட்டர் (சுற்றும் பாகம்) இழப்பு குறைவு, அதனால் ஸ்லிப், அதாவது காந்தப்புலத்தின் வேகத்துக்குப் பின்தங்குவது, குறைவு, கொஞ்சம் வேகமாகச் சுற்றும். விசிறிக்கும் பம்புக்கும் வேகம் கூடினால் சக்தி மும்மடியாக ஏறும். 1,474ஐ 1,448ஆல் வகுத்து மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், 5 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் சுமை. 11 கிலோவாட்டில் ஐஇ1 87.6, ஐஇ3 91.4. அதில் மிச்சமாவது 4 விழுக்காடு. 4 மிச்சம், 5 செலவு.

பெல்ட் ஓடும் புல்லியை மாற்றினேன், மோட்டார் பக்கம் கொஞ்சம் சிறியது. விசிறி பழைய வேகத்துக்கு வந்தது. அடுத்த மாதம்தான் நியாயமான எண் வந்தது. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மானியம் கொடுக்கிற எந்தத் திட்டமும் "மாட்டிய பிறகு வேகத்தைச் சரி பார்த்தீர்களா" என்று ஒரு வரி கேட்க வேண்டும்.

பிறை சார்ஜ்மேன் | புதன், மதியம் 1.40

விசிறி தம்பி, இது எனக்குப் புது விஷயம். எங்கள் பம்ப் நேராகக் கப்ளிங்கில் இருக்கிறது, புல்லி கிடையாது. அதற்கு என்ன வழி?

நிபோங் திபால் விசிறி | புதன், மதியம் 2.20

பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரை லேசாகக் கடைந்து சிறிதாக்கலாம், பம்ப் தயாரித்தவரின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு. இல்லையென்றால் விஎஸ்டி, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. தண்ணீர் தேவை நேரத்துக்கு நேரம் மாறுகிற இடம் என்றால் விஎஸ்டிதான் சரி, 80 விழுக்காடு வேகத்தில் ஓடினால் சக்தி ஏறக்குறையப் பாதிதான் ஆகும். ஒன்று மட்டும், கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் அண்ணே. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் ஆம்பியரில் எவ்வளவு உண்மையான சக்தி ஆகிறது என்பது, மோட்டாருக்கு மோட்டார் மாறும். கிலோவாட் காட்டுகிற மீட்டர் வையுங்கள்.

பாயான் லெப்பாஸ் எனர்ஜி | புதன், இரவு 9.10

நான் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளர். 861ஆம் சட்டத்தின் கீழ் வரும் ஒரு பெரிய ஆலையில் இருக்கிறேன். எங்களுக்கு எரிசக்தி மேலாண்மை முறை வேண்டும், தணிக்கை வேண்டும், எரிசக்தி ஆணையத்துக்கு அறிக்கை போக வேண்டும். முன்பு இருந்த 2008ஆம் ஆண்டு விதிகள் மின்சாரத்தை மட்டும் பார்த்தன, ஆறு மாதத்தில் 30 லட்சம் யூனிட் என்று அளவு வைத்து. இப்போது எரிவாயுவும் சேர்கிறது. இது முன்னேற்றம். ஆனால் சார்ஜ்மேன் சொன்ன ஓட்டை உண்மை: இந்த அளவுக்குக் கீழே மாதம் இரண்டு லட்சம் வெள்ளி பில் கட்டுகிற ஆலைகூட நிற்கும்.

மற்ற நாடுகளைப் பார்ப்போம். பலர் கையில் எடுத்தது குறைந்தபட்சத் தரம். சிங்கப்பூரில் 2018 அக்டோபரிலிருந்து ஐஇ3. ஐரோப்பாவில் 2011இல் ஐஇ2 என்று தொடங்கி, 2021 ஜூலையில் 0.75இலிருந்து 1,000 கிலோவாட் வரை ஐஇ3, 2023 ஜூலையில் 75 முதல் 200 கிலோவாட் வரை ஐஇ4. சீனாவில் 2021 ஜூனிலிருந்து ஐஇ3 அளவு. இது தேவை. ஏனென்றால் ஒரு நாட்டில் தரம் இல்லையென்றால், அடுத்த நாட்டில் விற்க முடியாத மோட்டார் அங்கே வந்து இறங்கும்.

ஆனால் இந்தத் தரம் புதிதாக விற்பனைக்கு வருவதைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதையும், கடைக்குப் போய்த் திரும்பி வருவதையும் பிடிக்காது. ஸ்விட்சர்லாந்தில் ஆலை ஆலையாகப் போய் ஆயிரக்கணக்கான மோட்டார்களைக் கணக்கெடுத்தார்கள். பாதிக்கு மேல் தங்கள் ஆயுளைத் தாண்டி ஓடுகின்றன என்று கண்டார்கள். அங்கே நிலைமை அப்படியென்றால் இங்கே கேட்கவே வேண்டாம்.

மாற்றத்தை விரைவுபடுத்த இரண்டு மூன்று வழிகள் என்னைக் கவர்ந்தன. ஸ்விட்சர்லாந்து 2010இலிருந்து புரோகிலோவாட் என்று ஏலம் நடத்துகிறது: மிச்சமாகும் ஒரு யூனிட்டுக்கு யார் குறைந்த மானியம் கேட்கிறாரோ அவருக்குக் கொடுக்கிறார்கள். சீனா 2009இலிருந்து பழைய மோட்டார் வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு, இவை ஆலையில் இருக்கக் கூடாது என்றது. கடுமைதான், ஆனால் மோட்டார் எரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தியாவில் இஇஎஸ்எல் நிறுவனம் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் வழியை எடுத்தது. எல்இடி விளக்கில் அது என்ன செய்தது என்று தெரிந்திருக்கும்: 2014இல் அவர்கள் கொள்முதல் விலை 310 ரூபாய், மூன்றே ஆண்டில் 40க்குக் கீழே. அதே முறையை ஐஇ3 மோட்டாருக்கும் கொண்டுவந்தார்கள். விளக்குக்கு ஒரே ஹோல்டர், வாங்கிக் குவிக்கலாம். மோட்டாருக்குக் கிலோவாட் வேறு, போல் வேறு, கால் வைத்து மாட்டுவதா, முகப்பில் உள்ள ஃபிளாஞ்ச் வளையத்தில் மாட்டுவதா என்பது வேறு. அதனால் இங்கே செய்தால் எல்லா அளவையும் தொடாமல், அதிகம் ஓடுகிற நாலைந்து அளவுகளை மட்டும் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கூலிம் கம்ப்ரெஸர் | புதன், இரவு 10.25

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். மோட்டாரை மாற்றினால் 3, 4 விழுக்காடு. கம்ப்ரெஸர் குழாயில் காற்று ஒழுகுவதை அடைத்தால் 20 விழுக்காடு. ஞாயிற்றுக்கிழமை மெஷின் எல்லாம் நின்ற பிறகு எங்கள் ஆலைக்குள் நடந்தால் 'உஸ்' என்று பத்து இடத்தில் கேட்கும். யாருக்கும் காற்று தேவைப்படாத அந்த நேரத்திலும் 37 கிலோவாட் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஐஇ4 மாட்டி என்ன பயன்? இருக்கிற பணத்தை முதலில் தணிக்கைக்கும் ஒழுகலை அடைக்கவும் கொடுக்கட்டும். ஐநாவின் யுனிடோ அமைப்பு இங்கே பம்ப், கம்ப்ரெஸர் அமைப்புகளைச் சீர்செய்ய ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்த திட்டம் ஒன்று இருந்தது. அது மாதிரி திரும்ப வர வேண்டும்.

பிறை சார்ஜ்மேன் | புதன், இரவு 11.00

கூலிம் ஐயா, உங்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் ஒழுகலை இன்றைக்கு அடைக்கலாம், நாளைக்கும் அடைக்கலாம். மோட்டார் அப்படி இல்லை. எரிந்த அன்று கட்டிவிட்டோம் என்றால் இன்னும் ஆறேழு ஆண்டுக்கு அதோடுதான் குடித்தனம். அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்பதுதான் என் வாதம். இரண்டும் ஒரே பணத்துக்குச் சண்டை போட வேண்டியதில்லை.

காயில்கடை மகன் | வியாழன், காலை 7.50

இரவெல்லாம் இதையே யோசித்தேன். அப்பாவிடமும் பேசினேன்.

கடையில் நாங்களே புது ஐஇ3 மோட்டார் ஸ்டாக் வைத்தால் என்ன? 7.5, 11, 15, 22 கிலோவாட், 4 போல், கால் வைத்தது. எங்கள் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த அளவுகள்தான். இரவில் எரிந்தால் காலையில் புதியதை ஏற்றி அனுப்பலாம், காயில் கட்டுவதைவிட வேகமாகவே மெஷின் ஓடும். எங்களைத் தடுப்பது ஒன்றுதான்: அந்த ஸ்டாக்குக்கான பணம் மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கும். அரசாங்கம் அந்த முதலுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தால் போதும், மானியமே வேண்டாம். பசுமைத் தொழில்நுட்பக் கடன் திட்டம் 2010இலிருந்து இருக்கிறது. அதில் எங்களைப் போன்ற கடைக்கு ஒரு சின்ன வாசல் திறந்துவிடலாம்.

இதில் ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். பழைய மோட்டாரைக் கடையிலேயே உடைக்க வேண்டும். ஸ்டேட்டரை வெட்டி, செம்பைத் தனியாக, இரும்பைத் தனியாக எடை போட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெயிண்ட் அடித்துச் செகண்ட் ஹேண்டாக இன்னொரு ஆலைக்குப் போகும், அங்கே இன்னும் பத்து ஆண்டு ஓடும். செம்பு விலை நல்ல விலை. அதைக் கஸ்டமருக்கே கழித்துக் கொடுத்தால் அவரும் உடைக்கச் சம்மதிப்பார்.

பெரிய மோட்டார், 75க்கு மேல் உள்ளது, அதை நாங்கள் முறைப்படி கட்டித் தருகிறோம். அங்கே கட்டுவதுதான் நியாயம், எங்கள் கைத்தொழிலும் நிற்கும். சின்ன மோட்டாரைக் கட்டும் வேலை குறைந்தால் இரண்டு பையன்களின் வேலை போகுமே என்று அப்பா கேட்டார். அந்தப் பையன்களுக்கு அளக்கவும் அலைன்மென்ட் பார்க்கவும் புல்லி மாற்றவும் கற்றுக் கொடுக்கலாம் என்றேன். விசிறி அண்ணன் சொன்ன சங்கடத்தைத் தீர்க்க அப்படி ஆட்கள்தான் தேவை. அப்பா பதில் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

பாயான் லெப்பாஸ் எனர்ஜி | வியாழன், மதியம் 12.30

இது நல்ல யோசனை தம்பி. ஒரு விதியும் இதோடு சேர வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை ஆலைகளுக்குக் கொடுக்கும் குறிப்பில், 40 குதிரைத்திறனுக்குக் குறைவான, 15 ஆண்டுக்கு மேல் ஓடிய மோட்டாரை, அதிலும் முன்பே காயில் கட்டியதை, மாற்றிவிடுவதே நல்லது என்று இருக்கிறது. 40 குதிரைத்திறன் என்றால் ஏறக்குறைய 30 கிலோவாட். இங்கே அதை விதியாகவே வைக்கலாம்: 30 கிலோவாட்டுக்குக் கீழே இரண்டாவது முறை எரிந்தால் கட்டக் கூடாது. ஸ்டாக் முதலில் வரட்டும், விதி ஓராண்டு கழித்து வரட்டும். ஸ்டாக் இல்லாமல் விதி மட்டும் வந்தால் ஆலை நிற்கும், விதியைத்தான் எல்லாரும் திட்டுவார்கள்.

பட்டர்வொர்த் கணக்கர் | வியாழன், மாலை 6.20

எரியும் முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இன்ன மோட்டார் எரிந்தால் கட்டுவதில்லை, இன்ன அளவில் இன்ன வகை வாங்குவது, இவ்வளவு விலை வரை மேலாளரே முடிவு செய்யலாம் என்று. டைரக்டர் பகலில் அமைதியாக இருக்கும்போது போடும் கையெழுத்து. சார்ஜ்மேன் தம்பி, மோட்டார் பட்டியல் ஒன்று எடுத்துத் தாருங்கள். எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று நான் எக்செலில் போட்டு இங்கேயே பகிர்கிறேன்.

பிறை சார்ஜ்மேன் | வெள்ளி, அதிகாலை 4.10

அக்கா, ஷிப்டில் இருந்துகொண்டே ஆரம்பித்துவிட்டேன். 5 கிலோவாட்டுக்கு மேல் இதுவரை 23 மோட்டார். ஓடும் மணி நேரம், எத்தனை முறை கட்டியது, பெல்ட்டா கப்ளிங்கா என்று எழுதியிருக்கிறேன். 9 மோட்டாரில் நேம்பிளேட் மேலேயே பச்சைப் பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறது, ஒன்றுமே படிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது தின்னரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போகிறேன். காயில்கடை தம்பி, நீயும் வர முடிந்தால் டாக்கோமீட்டரைக் கொண்டு வா.